கடைசி லோடு யாருக்கு? ஒரே நேரத்தில் பலர் தொடும் நிலையைப் பத்திரமாக மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

2019 கோடையில் சென்னை ஓஎம்ஆர் பக்கம் குடியிருந்தவர்களுக்குத் தண்ணீர் லாரியைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஜூன் மாதத்தில் கிட்டத்தட்ட வறண்டு கிடந்தன. அப்போது நான் ஒரு சின்னக் குழுவில் இருந்தேன். லாரி வைத்திருப்பவர்களுக்கான புக்கிங் மென்பொருள்தான் எங்கள் வேலை. க்ளோஜர் என்ற நிரல் மொழியில் எழுதியிருந்தோம்.

ஒருநாள் இரவு ஒன்பதரை மணிக்குப் பெரும்பாக்கத்திலிருந்து ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் போன் செய்தார். "தம்பி, புக்கிங் உறுதின்னு மெசேஜ் வந்திருக்கு. டிரைவரைக் கேட்டா சோழிங்கநல்லூர்ல இறக்கிட்டேன்றாரு. எங்க சம்ப்ல அடியில ஒரு சாண் தண்ணிதான் இருக்கு. நூத்தி இருபது வீடு. நான் என்ன பதில் சொல்றது?"

லாக் ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஒரே லாரி, ஒரே விநாடி, இரண்டு உறுதிப்படுத்தல்கள். கடைசி லோடு ஒன்றுதான் மீதம் இருந்தது. சோழிங்கநல்லூர்க் கோரிக்கையை ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை) கையாண்டது; ஒரு லாரி காலி என்று படித்தது. பெரும்பாக்கத்தின் கோரிக்கையைக் கையாண்ட இன்னொரு த்ரெட்டும் அதே நொடியில் அதே லாரியைக் காலி என்று படித்தது. இரண்டும் "இருக்கிறது, கொடுக்கலாம்" என்று முடிவெடுத்தன. இரண்டும் எழுதின. இரண்டாவது எழுத்து முதல் எழுத்தின் மேல் விழுந்தது.

எங்கள் நிரலில், நிலையை வைக்கும் ஒரு பெட்டியைத் தவிர மாறக்கூடிய தரவு என்று எதுவுமே இல்லை. க்ளோஜரில் மேப் (பெயர்-மதிப்பு அட்டவணை), வெக்டர் (வரிசைப் பட்டியல்) எல்லாம் ஒருமுறை உருவானால் பிறகு மாறாது. தரவை மாற்றாமல் புதிதாக உருவாக்கும் ஃபங்ஷனல் நிரலாக்கத்துக்கு வந்தால், ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் முந்திக்கொண்டு மோதும் ரேஸ் கண்டிஷன் தொல்லை போய்விடும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். மாறாத மதிப்பு, அந்த மதிப்பை மட்டும்தான் காக்கும். அதைப் பார்த்து நாம் எடுத்த முடிவு பழசாகிப் போவதை அது தடுக்காது. முடிவெடுப்பதும் மாற்றுவதும் ஒரே அசைவாக நடக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். உதாரணங்கள் க்ளோஜரை ஒட்டி வரும். ஹாஸ்கெல், எர்லாங், ஸ்காலா போன்ற மொழிகளில் எழுதுபவர்களுக்கும் விஷயம் ஒன்றுதான்.

முதல் படி: மாற்றத்தைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்தெடுங்கள்

த்ரெட், பூட்டு, டேட்டாபேஸ் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். பழைய நிலையையும் (அந்தக் கணத்தில் நிரல் நினைவில் வைத்திருக்கும் தரவு) வந்த கோரிக்கையையும் வாங்கிக்கொண்டு புது நிலையைத் திருப்பித் தரும் ஒரு தூய ஃபங்ஷனை (அதே உள்ளீட்டுக்கு எப்போதும் அதே விடை தரும், வெளியே எதையும் தொடாத ஃபங்ஷன்) எழுதுங்கள். எங்கள் நிலையில் இரண்டு சாமான்கள் இருந்தன: காலி லாரிகளின் பட்டியல், எந்தக் கோரிக்கைக்கு எந்த லாரி என்ற பதிவு. ஃபங்ஷனைத் தமிழில் எழுதினால் இப்படி:

ஒதுக்கு (நிலை, கோரிக்கை):
   கோரிக்கை எண் ஏற்கெனவே பதிவில் இருந்தால் → நிலையை அப்படியே திருப்பு
   காலி லாரி இல்லை என்றால் → நிலையை அப்படியே திருப்பு
   இரண்டும் இல்லை என்றால் →
      காலிப் பட்டியலின் முதல் லாரியை எடு
      கோரிக்கை எண்ணோடு அதைப் பதிவில் சேர்
      புது நிலையைத் திருப்பு

மேலே உள்ள முதல் வரியைத் தவறாமல் எழுதுங்கள். நெட்வொர்க் மெதுவாக இருந்தால் மக்கள் பொத்தானை இரண்டு மூன்று தடவை தட்டுவார்கள். ஒரே எண்ணில் எத்தனை தடவை வந்தாலும் ஒரு லாரிதான் போகும் என்று ஆக்கிவிட்டால் பின்னால் வரும் பாதி தலைவலி குறையும்.

இந்த ஃபங்ஷனுக்குள் நேரத்தைக் கேட்காதீர்கள். எதேச்சையான எண் எதையும் உருவாக்காதீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் லோடு கிடையாது என்பது விதியென்றால், மணி என்ன என்பதை வெளியே கேட்டு, கோரிக்கையோடு சேர்த்து உள்ளே அனுப்புங்கள். கோரிக்கை எண்ணும் வெளியிலிருந்தே வர வேண்டும். ஏன் என்பது அடுத்த படியில் புரியும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு மேப்பையும் நகலெடுக்குமோ என்ற பயம் வேண்டாம். க்ளோஜரின் மேப்பும் வெக்டரும் கணுவுக்கு 32 கிளை வரை விரியும் மரங்கள். மாற்றம் நடந்த கிளையின் பாதை மட்டும் புதிதாக உருவாகும். மற்றதெல்லாம் பழையதோடு பகிர்ந்துகொள்ளப்படும்.

இரண்டாம் படி: ஃபங்ஷனைப் பெட்டிக்குள் அனுப்புங்கள்

மாறும் நிலையை வைக்க ஒரு பெட்டி வேண்டும். க்ளோஜரில் அதன் பெயர் ஆட்டம். அணு என்ற பொருளில் வைத்த பெயர். ஹாஸ்கெலில் ஐஓரெஃப், எம்வார், டிவார் என்று பல உண்டு. ஸ்காலாவின் கேட்ஸ் எஃபெக்ட் என்ற நூலகத்தில் ரெஃப். நான் எல்லாவற்றையும் பெட்டி என்றே சொல்லப்போகிறேன்.

எங்கள் பிழை ஒரே வரியில் இருந்தது. பெட்டியைத் திறந்து மதிப்பை வெளியே எடுத்தோம், கணக்குப் போட்டோம், ரீசெட் (பழையதைப் பார்க்காமல் புது மதிப்பை வைக்கும் கட்டளை) போட்டுத் திரும்ப வைத்தோம். எடுப்பதற்கும் வைப்பதற்கும் நடுவில் யார் வேண்டுமானாலும் புகுந்துவிடலாம். ஸ்வாப் என்ற கட்டளை செய்வது வேறு. மதிப்பை வெளியே எடுக்காமல், மாற்றும் ஃபங்ஷனையே பெட்டியிடம் கொடுக்கிறோம்.

ஸ்வாப் உள்ளே என்ன செய்கிறது? இப்போதைய மதிப்பைப் படிக்கும். உங்கள் ஃபங்ஷனை அதன்மேல் ஓட்டிப் புது மதிப்பைப் பெறும். அப்புறம் "நான் படித்த அதே மதிப்பு இன்னும் உள்ளே இருந்தால் புதியதை வை, இல்லாவிட்டால் வைக்காதே" என்று சிபியுவிடம் கேட்கும். இந்த ஒப்பிட்டு மாற்றும் வேலை சிபியுவில் ஒரே கட்டளை. இன்டெல் சிப்களில் 486 காலத்திலிருந்து இருக்கிறது. ஜாவாவில் 2004இல் வந்த ஐந்தாம் பதிப்பின் அட்டாமிக் ரெஃபரன்ஸ் இதைத்தான் பயன்படுத்துகிறது. க்ளோஜரின் ஆட்டம் அதன்மேல் கட்டியது. நடுவில் யாராவது மாற்றியிருந்தால் ஸ்வாப் தோற்று, புது மதிப்பைப் படித்து, உங்கள் ஃபங்ஷனை மறுபடி ஓட்டும். ஜெயிக்கும் வரை இப்படித்தான்.

ஆக, உங்கள் ஃபங்ஷன் ஒரு தடவையும் ஓடலாம், ஐந்து தடவையும் ஓடலாம். உள்ளே எதேச்சையான எண்ணை உருவாக்கினால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு எண் பிறக்கும். இதனால்தான் அதை வெளியே வைக்கச் சொன்னேன்.

பெரும்பாக்கத்துக் கதையை இப்போது ஓட்டிப் பாருங்கள். இரண்டு த்ரெட்டும் லாரி காலி என்று படிக்கின்றன. சோழிங்கநல்லூர் முந்திக்கொள்கிறது. பெரும்பாக்கத்தின் ஒப்பீடு தோற்கிறது. ஃபங்ஷன் மறுபடி ஓடுகிறது. இந்தத் தடவை காலிப் பட்டியல் வெறுமையாக இருப்பதைப் பார்த்து நிலையை அப்படியே திருப்புகிறது. செயலாளருக்கு "இன்று லோடு முடிந்தது" என்ற பதில் போகும். புக்கிங் செய்தபோதே அவருக்கு அது தெரிந்திருந்தால் வேறு லாரிக்காரரைப் பிடித்திருப்பார்.

இந்த ஒப்பிட்டு மாற்றும் கட்டளையை (கம்பேர் அண்ட் செட்) நீங்களே நேரடியாகப் பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள். அது ஒப்பிடுவது பொருளின் அடையாளத்தை, மதிப்பை அல்ல. ஜேவிஎம்மில் (ஜாவாவும் க்ளோஜரும் ஓடும் மெய்நிகர் இயந்திரம்) -128 முதல் 127 வரையிலான முழு எண்களுக்குத்தான் தயாராக வைத்த பொருள்கள் கிடைக்கும் என்ற உத்தரவாதம் உண்டு. அதைத் தாண்டினால் இரண்டு 12000கள் இரண்டு தனிப் பொருள்களாக இருக்கலாம். ஒப்பீடு பொய் என்று வரும். அரை நாள் இதில் போன அனுபவம் எனக்கு உண்டு.

மூன்றாம் படி: விடையை அந்த மாற்றத்திலிருந்தே எடுங்கள்

ஸ்வாப் முடிந்தது. எனக்கு லாரி கிடைத்ததா இல்லையா? பெட்டியை மறுபடி திறந்து பார்க்கத்தான் கை போகும். போகக் கூடாது. ஸ்வாப்புக்கும் இரண்டாவது பார்வைக்கும் நடுவில் யாராவது ரத்து செய்திருக்கலாம். உங்களுக்குக் கிடைத்த லாரி கிடைக்காததுபோலத் தெரியும்.

ஸ்வாப் திருப்பித் தரும் மதிப்பிலேயே உங்கள் கோரிக்கை எண்ணைத் தேடுங்கள். பதிவில் இருந்தால் கிடைத்தது, இல்லாவிட்டால் இல்லை. புதிதாகக் கிடைத்ததா, முன்பே கிடைத்திருந்ததா என்பதும் தெரிய வேண்டும் என்றால் ஸ்வாப்-வால்ஸ் இருக்கிறது; க்ளோஜர் 1.9இல் வந்தது. பழையதையும் புதியதையும் ஜோடியாகத் தரும். பழையதில் இல்லை, புதியதில் இருக்கிறது என்றால் இந்த மாற்றம் உங்களுடையது. ஹாஸ்கெலின் அட்டாமிக் மாடிஃபை, கேட்ஸ் எஃபெக்டின் மாடிஃபை இரண்டும் இன்னும் நேர்த்தி: உங்கள் ஃபங்ஷனே புது நிலையையும் விடையையும் சேர்த்துத் திருப்பும்.

நான்காம் படி: வெளி வேலைகளை வெளியே வையுங்கள்

முதல் பிழையைத் திருத்திய இரண்டாவது நாளே இன்னொன்று. டிரைவர் ஒருவர் கூப்பிட்டார். "சார், ஒரே அட்ரஸுக்கு மூணு மெசேஜ் வந்திருக்கு. மூணு லோடா, ஒண்ணா?" டிரைவருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வரியை நான் ஸ்வாப்புக்குள் கொடுத்த ஃபங்ஷனிலேயே எழுதியிருந்தேன். மூன்று தடவை ஓடியது, மூன்று எஸ்எம்எஸ் போனது. நிலை மட்டும் சரியாக ஒரு தடவைதான் மாறியிருந்தது.

எளிய தீர்வு: ஸ்வாப்-வால்ஸ் முடிந்தபின், மாற்றம் உங்களுடையது என்று தெரிந்தால் மட்டும் அனுப்புங்கள். ஆனால் ஸ்வாப் முடிந்து, அனுப்பும் முன் அந்த த்ரெட் பிழையில் விழுந்துவிட்டால்? லாரி ஒதுக்கப்பட்டிருக்கும், டிரைவருக்குத் தெரியாது. அதனால் நாங்கள் அனுப்ப வேண்டிய செய்திகளையும் நிலைக்குள்ளேயே ஒரு பட்டியலாக வைத்தோம். லாரியை ஒதுக்கும் அதே அசைவில் "இந்த டிரைவருக்கு இந்தச் செய்தி" என்ற குறிப்பும் சேர்ந்துவிடும். தனியாக ஓடும் ஒரே ஒரு பணியாள் அந்தப் பட்டியலைப் பார்த்து, அனுப்பி, போய்ச் சேர்ந்தது என்று உறுதியானதும் குறிப்பை நீக்குவான்.

அனுப்பிவிட்டு நீக்குவதற்குள் எல்லாம் விழுந்துவிட்டால், எழுந்ததும் அதே செய்தி இரண்டாவது தடவை போகும். நீக்கிவிட்டு அனுப்பினால் செய்தி தொலைந்து போகலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். தண்ணீர் விஷயத்தில் தொலைவதைவிட இரட்டிப்பதே மேல் என்று முடிவு செய்து, செய்தியில் கோரிக்கை எண்ணையும் போட்டோம். ஒரே எண் இரண்டு தடவை வந்தால் ஒரே லோடு என்று டிரைவர்களுக்குச் சொல்லி வைத்தோம். (இதெல்லாம் நினைவகத்தில் மட்டும் இருக்கும் நிலைக்குப் போதாது என்பது உண்மை. ஒன்பதாம் படியில் அதற்கு வருகிறேன்.)

ஹாஸ்கெலில் டிரான்ஸாக்‌ஷனுக்குள் (எல்லாம் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்ற தொகுப்பு மாற்றம்) எஸ்எம்எஸ் அனுப்ப முயன்றால் கம்பைலரே விடாது, வகைகள் பொருந்தாது. க்ளோஜரில் அந்தக் காவல் இல்லை, கட்டுப்பாடு நம் கையில்தான்.

ஐந்தாம் படி: ஃபங்ஷன் சின்னதாக இருக்கட்டும்

ஸ்வாப்புக்குள் போகும் ஃபங்ஷன் அரை விநாடி ஓடினால், அந்த அரை விநாடியில் பத்துப் பேர் முந்திவிடுவார்கள். உங்கள் முறை வரவே வராது. தூரம், கட்டணம் போன்ற கணக்குகளை முன்பே போட்டு விடையை உள்ளே அனுப்புங்கள்.

இன்னொன்று சோம்பேறிக் கணக்கு. க்ளோஜரில் பட்டியல்களை இணைக்கும் கன்கேட், ஒவ்வொன்றையும் மாற்றும் மேப் (இது ஃபங்ஷன், அட்டவணை அல்ல), வடிகட்டும் ஃபில்டர் ஆகியவை அப்போதே கணக்கிடாமல் "பிறகு செய்கிறேன்" என்ற வாக்குறுதியைத்தான் பெட்டியில் போடும். ஆயிரக்கணக்கான வாக்குறுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, என்றோ ஒருநாள் யாரோ படிக்கும்போது ஸ்டாக் ஓவர்ஃப்ளோவாக (அழைப்புகளை வைக்கும் இடம் நிரம்பி வழிவது) வெடிக்கும். வெக்டராக முடித்துப் போடுங்கள்: மேப்வி, ஃபில்டர்வி, இன்டூ. ஹாஸ்கெலில் பெயரின் கடைசியில் ஒற்றைக் குறி உள்ள வடிவங்களைப் பயன்படுத்துங்கள். அவை மதிப்பை உடனே கணக்கிடும்.

ஆறாம் படி: இரண்டு பெட்டிகள் சேர்ந்து மாற வேண்டும் என்றால்

பெருங்குடியில் ஒரு யார்டு, மேடவாக்கத்தில் ஒரு யார்டு. ஒரு லாரியை இங்கிருந்து அங்கே மாற்ற வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி ஆட்டம் வைத்தால், ஒன்றில் எடுத்து மற்றதில் போடும் இடைவெளியில் லாரி எந்த யார்டிலும் இல்லாத ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தில் மொத்த லாரிகளை எண்ணினால் ஒன்று குறையும்.

என் கருத்து: முதலில் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் ஒரே மேப்பாகப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான வேலைகளுக்கு அது போதும். நெரிசல் அதிகமாகி மறுமுயற்சிகள் கூடுவதை அளந்து பார்த்தபின் பிரித்தால் போதும்.

பிரிக்க வேண்டி வந்தால் க்ளோஜரின் ரெஃப் என்ற பெட்டியும் டிரான்ஸாக்‌ஷனும் இருக்கின்றன. பல ரெஃப்களை ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் மாற்றினால் எல்லாம் மாறும் அல்லது எதுவும் மாறாது. இதில் ஒரு நுணுக்கமான குழி உண்டு. எங்களுக்கு ஒரு விதி இருந்தது: இரண்டு யார்டிலும் சேர்த்து ஒரு லாரியாவது ஆஸ்பத்திரி அவசரத்துக்கு நிற்க வேண்டும். பெருங்குடியில் ஒன்று, மேடவாக்கத்தில் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிரான்ஸாக்‌ஷன் இரண்டையும் படித்து, "மேடவாக்கத்தில் ஒன்று நிற்கிறது, நான் பெருங்குடி லாரியை எடுக்கலாம்" என்கிறது. அதே நேரம் இன்னொன்று "பெருங்குடியில் ஒன்று நிற்கிறது, நான் மேடவாக்கத்து லாரியை எடுக்கலாம்" என்கிறது. இரண்டும் எழுதுவது வேறு வேறு ரெஃப். மோதல் இல்லை என்று க்ளோஜர் இரண்டையும் ஏற்கும். ஆஸ்பத்திரிக்கு லாரி இல்லை.

படித்த, ஆனால் எழுதாத ரெஃபை மற்றவர்கள் மாற்றாமல் காக்க என்ஷ்யூர் என்ற கட்டளை இருக்கிறது. எந்த ரெஃபைப் பார்த்து முடிவெடுத்தீர்களோ அதையெல்லாம் என்ஷ்யூர் செய்யுங்கள். 2005இல் ஹாஸ்கெலுக்கு வந்த எஸ்டிஎம் என்ற வசதி, படித்த டிவார்கள் அனைத்தையும் கடைசியில் சரிபார்க்கும். அங்கே இந்தக் குழி இல்லை. ரீட்ரை என்ற வசதியும் அங்கே உண்டு: லாரி இல்லையென்றால், படித்த டிவார்களில் ஏதாவது மாறும் வரை த்ரெட் தூங்கும்.

க்ளோஜர் டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஏஜென்டுக்கு (வரும் வேலைகளை வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்யும் பெட்டி) அனுப்பும் செய்தி டிரான்ஸாக்‌ஷன் ஜெயித்த பிறகுதான் கிளம்பும். ஆட்டத்தின் ஸ்வாப்புக்கு அந்தச் சலுகை இல்லை; அங்கே அனுப்பினால் ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் ஒன்று கிளம்பும்.

ஏழாம் படி: ஓடும் தரவை நினைவோடு மாற்றுவது

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று எழுதுகிறேன்.

யார்டில் லாரியை நிரப்பும் குழாயில் மீட்டர் இருக்கும். சில விநாடிகளுக்கு ஒருமுறை எத்தனை லிட்டர் ஏறியிருக்கிறது என்று அனுப்பும். 0, 4000, 4000, 8000, 12000, 12000 என்று வரும். ஒரே அளவு அடுத்தடுத்து வந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய அளவை நினைவில் வைக்க வேண்டும். இப்படி நினைவு வைத்துக்கொண்டு தரவை மாற்றும் ஃபங்ஷன்தான் ஸ்டேட்ஃபுல் டிரான்ஸ்டியூசர். க்ளோஜர் 1.7இல் டிரான்ஸ்டியூசர்கள் வந்தன. டிடூப் (அடுத்தடுத்து வரும் ஒரே மதிப்பை நீக்குவது), டிஸ்டிங்ட், டேக், பார்ட்டிஷன்-பை எல்லாம் நினைவு வைப்பவை. மேப், ஃபில்டருக்கு நினைவு தேவையில்லை.

முதல் விதி: நினைவு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். டிரான்ஸ்டியூசர் என்பது ஒரு ரெடியூசிங் ஃபங்ஷனை (சேர்த்த விடையோடு அடுத்த உருப்படியைச் சேர்க்கும் ஃபங்ஷன்) வாங்கி இன்னொன்றைத் தரும் ஃபங்ஷன். அந்த வாங்கும் இடத்துக்கு உள்ளே நினைவுப் பெட்டியை உருவாக்கினால், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுப் பெட்டி. வெளியே உருவாக்கினால் எல்லா ஓட்டங்களுக்கும் ஒரே பெட்டி. எங்கள் குழுவில் சொந்தமாக எழுதிய ஒன்றில் அது வெளியே இருந்தது. பெருங்குடி மீட்டர் 12000 என்று அனுப்பியது. அடுத்த கணம் மேடவாக்கத்து மீட்டரும் 12000 என்று அனுப்பியது. "இதைத்தான் இப்போது பார்த்தோமே" என்று இரண்டாவதைத் தூக்கிப் போட்டுவிட்டது. 12,000 லிட்டர் லாரிகள்தான் அதிகம் என்பதால், நிறைந்தது என்று சொல்ல வேண்டிய அந்தக் கடைசி அளவில்தான் மோதல் அடிக்கடி நடந்தது. லாரி கிளம்பிப் போயிருக்கும். திரையில் இன்னும் நிரம்பிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் விதி: நினைவுள்ள டிரான்ஸ்டியூசரை ஸ்வாப்புக்குள் ஓட்டாதீர்கள். பல மீட்டர்களின் அளவுகளை ஒரே பெட்டியில் சேர்க்க, ஒவ்வொரு மீட்டருக்கும் டிடூப்பைப் பட்டியலில் சேர்க்கும் ஃபங்ஷனோடு ஒருமுறை இணைத்து வைத்துக்கொண்டு, அளவு வரும்போதெல்லாம் அதை ஸ்வாப்புக்குக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிடூப்பின் நினைவில் 8000. புதிதாக 12000 வருகிறது. முதல் ஓட்டத்தில் 8000 வேறு, 12000 வேறு. நினைவை 12000 ஆக்கிவிட்டுப் பட்டியலில் சேர்க்கிறது. அதற்குள் வேறொரு மீட்டரின் த்ரெட் பெட்டியை மாற்றிவிட்டது, ஸ்வாப் தோற்கிறது. மறுபடி ஓடுகிறது. இப்போது நினைவில் இருப்பது 12000, வந்திருப்பதும் 12000. அதே அளவு என்று விட்டுவிடுகிறது. ஸ்வாப் ஜெயிக்கிறது, அளவைச் சேர்க்காமலே. எந்தப் பிழைச் செய்தியும் வராது. தரவு மட்டும் காணாமல் போயிருக்கும். ஸ்வாப் தன் பெட்டியை மட்டும்தான் பின்வாங்கும். டிரான்ஸ்டியூசருக்குள் ஒளிந்திருக்கும் நினைவைப் பற்றி அதற்குத் தெரியாது.

தீர்வு: ஒளிந்திருக்கும் நினைவை வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். நினைவையும் உருப்படியையும் வாங்கி, புது நினைவையும் வெளியீட்டையும் தரும் தூய ஃபங்ஷனாக மாற்றி, நினைவையும் அதே பெட்டிக்குள் வையுங்கள்.

சேர் (நிலை, மீட்டர், அளவு):
   இந்த மீட்டரின் முந்தைய அளவும் இதுவும் ஒன்றானால் → நிலை அப்படியே
   வேறானால் → முந்தைய அளவை மாற்று, பட்டியலில் சேர், புது நிலை

இப்போது தோற்ற ஓட்டத்தின் நினைவும் அதோடு சேர்ந்து தூக்கி எறியப்படும். மீட்டருக்கு ஒரு முந்தைய அளவு என்று தனித்தனியாக வைத்திருப்பதால் மேடவாக்கம், பெருங்குடி குழப்பமும் தீர்ந்தது.

மூன்றாம் விதி வோலடைல் பற்றியது. டிரான்ஸ்டியூசர்கள் நினைவுக்கு வோலடைல் என்ற எளிய பெட்டியைப் பயன்படுத்துகின்றன. ஒரு த்ரெட் எழுதியதை அடுத்த த்ரெட் பார்க்கும் என்று மட்டும் அது உறுதி தரும். படித்து மாற்றி எழுதுவதை ஒரே அசைவாகச் செய்யாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஓட்டுவார் என்ற நம்பிக்கையில் கட்டியது அது. கோர் அசிங்க் நூலகத்தின் சேனலோடு (த்ரெட்களுக்கு நடுவே உருப்படிகளைக் கடத்தும் குழாய்) டிரான்ஸ்டியூசரை இணைத்தால் அந்த நம்பிக்கை காப்பாற்றப்படும். சேனல் தன் பூட்டைப் பிடித்துக்கொண்டுதான் அதை ஓட்டும். ஆனால் பைப்லைன் என்ற வசதி ஒவ்வொரு உருப்படிக்கும் டிரான்ஸ்டியூசரைத் தனித்தனியாக, இணையாக ஓட்டும். அங்கே டிடூப் போட்டால் ஒவ்வொரு அளவும் புது நினைவோடு வரும், எதுவும் வடிகட்டப்படாது. நினைவில்லாத கனமான வேலையைப் பைப்லைனில் ஓட்டி, அது வரிசை மாறாமல் தரும் வெளியீட்டை ஒரு சேனலில் வாங்கி, நினைவுள்ள வேலையை அங்கே வையுங்கள்.

சொந்தமாக எழுதுகிறீர்கள் என்றால் முடிவுக் கட்டத்தையும் எழுத மறக்காதீர்கள். பத்துப் பத்தாகச் சேர்த்து அனுப்பும் ஒன்றில் நாளின் கடைசியில் ஏழு மீதம் இருந்தால், அதை வெளியே தள்ள வேண்டியது அந்தக் கட்டம்தான்.

எட்டாம் படி: சொந்தக்காரர் ஒருவர்தான்

பெட்டிக்குப் போட்டி போடுவதற்குப் பதில், ஒவ்வொரு நிலைக்கும் ஒரே சொந்தக்காரரை வைத்து, மற்றவர்கள் அவருக்குச் செய்தி மட்டும் அனுப்பலாம். எர்லாங் 1980களில் எரிக்சனில் பிறந்ததிலிருந்து இப்படித்தான். மீட்டருக்கு ஒரு ப்ராசஸ் (தன் நிலையைத் தானே வைத்திருக்கும் சின்ன வேலையாள்), லாரிக்கு ஒரு ப்ராசஸ். வரும் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் செய்யும். மறுமுயற்சி கிடையாது, அதனால் உள்ளே நினைவு வைத்திருந்தாலும் ஆபத்தில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். எர்லாங்கில் ஜென் சர்வர் என்ற வகை ப்ராசஸிடம் கேட்டால், நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால் 5 விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் கேட்டவர் தோல்வி என்று நினைப்பார். சர்வரோ ஆறாவது விநாடியில் வேலையை முடித்திருக்கும். முதல் படியின் கோரிக்கை எண் இங்கே கை கொடுக்கும். அதே எண்ணில் மறுபடி கேளுங்கள். இரண்டாவது, எர்லாங் ப்ராசஸின் செய்திப் பெட்டிக்கும் க்ளோஜர் ஏஜென்டின் வரிசைக்கும் எல்லை இல்லை. வேலை மெதுவானால் நினைவகம் நிரம்பும் வரை வரிசை நீளும். சேனலுக்கு அளவுள்ள பஃபர் வைக்கலாம். அதற்கு மேலும் காத்திருக்கும் புட்கள் (உள்ளே போட வந்த கோரிக்கைகள்) 1024ஐத் தாண்டினால் பிழை காட்டும். அந்தப் பிழை நல்லது, நிரம்புவதை முன்பே சொல்கிறது.

ஒன்பதாம் படி: இரண்டாவது சர்வர் வந்தால்

இதுவரை சொன்ன பெட்டிகள் எல்லாம் ஒரே ஜேவிஎம்முக்குள். இரண்டாவது சர்வரைப் போட்ட அன்றே, அங்கே இன்னொரு பெட்டி பிறந்துவிடும். நிலை டேட்டாபேஸுக்குப் போக வேண்டும். அங்கேயும் அதே பாடம்: படித்துக் கணக்கிட்டு எழுதாமல், "இந்த லாரி இன்னும் காலியாக இருந்தால் மட்டும் இந்தக் கோரிக்கைக்கு மாற்று" என்று ஒரே அப்டேட்டில் நிபந்தனையோடு எழுதி, எத்தனை வரிகள் மாறின என்று பாருங்கள். ஒன்று என்றால் உங்களுடையது, பூஜ்யம் என்றால் வேறொருவருடையது. ஆஸ்பத்திரி லாரி விதி போன்றவற்றுக்கு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் சீரியலைசபிள் முறையை (ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதுபோல் விடை தரும் முறை) பயன்படுத்துங்கள், 9.1 பதிப்பிலிருந்து அது அந்தக் குழியையும் பிடிக்கும். பிடிக்கும்போது டிரான்ஸாக்‌ஷனை 40001 என்ற பிழையோடு திருப்பி அனுப்பும், நீங்கள் முழுவதையும் மறுபடி ஓட்ட வேண்டும். முதல் படியில் எழுதிய தூய ஃபங்ஷன் இங்கேயும் அப்படியே பயன்படும். எஸ்எம்எஸ் குறிப்புகளையும் அதே டிரான்ஸாக்‌ஷனில் ஒரு டேபிளில் எழுதிவிடுங்கள்.

பத்தாம் படி: வேண்டுமென்றே மோத விடுங்கள்

இந்தப் பிழைகள் உங்கள் லேப்டாப்பில் தானாக வராது, வரவழைக்க வேண்டும். தூய ஃபங்ஷனை முதலில் ஒற்றை த்ரெட்டில் சோதியுங்கள்: எந்த வரிசையில் கோரிக்கைகள் வந்தாலும் காலி லாரிகளும் ஒதுக்கிய லாரிகளும் சேர்ந்து மொத்தத்துக்குச் சமமா? ஒரு லாரி இரண்டு இடத்தில் இருக்கிறதா? அப்புறம் அதே ஃபங்ஷனை அதே உள்ளீட்டோடு இரண்டு தடவை ஓட்டி விடைகளை ஒப்பிடுங்கள். வேறாக வந்தால் உள்ளே நேரமோ, எதேச்சை எண்ணோ, ஒளிந்த நினைவோ இருக்கிறது. இரண்டே வரிச் சோதனை. ஏழாம் படியின் டிடூப் பிழையை அது உடனே காட்டியிருக்கும்.

பிறகு மோதல். 8 த்ரெட்கள், 40 லாரிகள், 1000 கோரிக்கைகள். எல்லா த்ரெட்டையும் கவுண்ட்டவுன் லாட்ச் வைத்து வாசலில் நிறுத்தி ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் சோதனைக்காக ஒரு மில்லிவிநாடித் தூக்கம் போடுங்கள், சந்து அகலமாகும். வெற்றி சரியாக 40 வர வேண்டும். எங்கள் பழைய நிரலை இதில் ஓட்டியபோது முதல் தடவையே நாற்பதைத் தாண்டியது. ஸ்வாப்புக்கு மாற்றியபின் இரவு முழுக்கச் சுற்ற விட்டோம்; ஒவ்வொரு சுற்றிலும் 40.

அந்தச் சோதனைக்கு "பெரும்பாக்கம், கடைசி லோடு" என்று பெயர் வைத்தோம். எங்கள் நிரலில் யார் எதை மாற்றினாலும் முதலில் ஓடுவது அதுதான்.